கொட்டாவியின் வலது கை

நவம்பர் 2

நாத்தனாருக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று உன் அண்ணன் சொன்னார். நான் போன் செய்தால் எடுக்க மாட்டாயாம், பேச வேண்டுமென்றால் கடிதம் எழுதட்டும் என்று அவரிடம் சொன்னாயாம். ஒரே வீட்டில், ஒரே குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாம் இப்போது தபால்தலை வாங்க வரிசையில் நிற்கிறோம். சரி, உன் இஷ்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு முடிவு விடுமுறைக்கு டிவியில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வாண்டுகளுக்கு. தலைப்பு ‘அன்பும் நன்றியும்’. அரை மணி நேரம், நேரலை. நம் நீர்யானைப் பொம்மை கொட்டாவிதான் கதாநாயகன். எல்லோரும் அவனுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். அவன் ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுத் தூங்கிப்போகிறான். விழித்ததும் தப்பு உறைக்கிறது. நாம் ஒளிந்திருக்கும் அட்டைச் சுவரின் ஜன்னலுக்கு வந்து, ஸ்டூடியோவுக்கு வந்திருக்கும் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறான். கதை நான் எழுதியது. நன்றாக இருக்கிறது.

கட்டிப்பிடிக்க இரண்டு கை வேண்டும். அவன் தலைக்குள்ளும் வாய்க்குள்ளும் என் வலது கை இருக்கிறது. அவனுடைய இடது கை என் இடது கை. வலது கைதான் நீ. நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து அந்தச் சட்டைக்கை தொங்குகிறது. தயாரிப்பாளர் அம்மா முதலில் ஒரு நடனக்காரியைக் கொண்டுவந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். அவள் கை காற்றில் மிதந்தது. கொட்டாவி பிஸ்கட் எடுப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். அடுத்து ஸ்டூடியோவில் மரவேலை செய்கிறவர். அவர் கொட்டாவியின் கையால் ஒரு குழந்தைக்குக் கை கொடுத்தார், அது வீறிட்டு அழுதது.

நீ வருவதானால் நான் தடை சொல்ல மாட்டேன். முதலில் அடித்தது எந்தக் கை என்ற பேச்சை நீ எடுக்காவிட்டால் நானும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி

நவம்பர் 8

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

“தடை சொல்ல மாட்டேன்.” ஆகா, என்ன அழைப்பு! சட்டம் போட்டு மாட்டிவைக்கலாம்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று அண்ணனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். சண்டையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்த உடனே நீங்கள் கொட்டாவி குரலுக்கு மாறிவிடுகிறீர்கள். “குட்டிம்மா, என் மேல கோவமா?” என்று அந்தக் கட்டைக்குரல் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தபின் எந்த முகத்தோடு கோபப்படுவது? இப்படியே எத்தனை நியாயமான கோபங்களை வீணாக்கிவிட்டேன். காகிதத்தில் உங்கள் வித்தை பலிக்காது.

முதலில் அடித்தது எந்தக் கை என்ற பேச்சை நான் எடுக்கத்தான் போகிறேன். அந்தப் பத்திரிகைக்காரர் வந்தார். நம் இரண்டு பேரையும் பொம்மையோடு நிறுத்திப் படம் எடுத்தார். அச்சில் வந்தபோது நீங்களும் கொட்டாவியும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், ஓரத்தில் என் முழங்கை இருந்தது. அதைக்கூடப் பொறுத்தேன். கீழே உங்கள் பேச்சு: “கொட்டாவி என்றால் நான்தான். முழுக்க முழுக்க நான்.” அண்ணி, இத்தனை வருஷம் உங்கள் அக்குளுக்குள் முகத்தை வைத்துப் பிழைத்தவள் நான். நீங்கள் சோப்பு மாற்றினால்கூட முதலில் எனக்குத்தான் தெரியும். முழுக்க முழுக்க நீங்களா?

மறுநாள் ‘பகிர்ந்து உண்போம்’ பதிவு. ஆமாம், நீங்கள் ஒவ்வொரு வசனம் பேசும்போதும் கொட்டாவியின் வலது கை மூக்கைச் சொறிந்தது. மூக்கு அரித்தது, சொறிந்தேன். அதற்கு இடது கை வந்து பளாரென்று அடிக்கலாமா? அடி வாங்கிய கை சும்மா இருக்குமா? அதையும் யாரோ வேடிக்கை என்று நினைத்து அப்படியே ஒளிபரப்பிவிட்டார். வீட்டுக்கு வீடு வாண்டுகள் தங்கள் கையைத் தாங்களே அடித்துக்கொள்ள ஆரம்பித்ததற்கு நானா பொறுப்பு?

இங்கே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். தையல் கடைக்கு மேலே ஓர் அறை. பல் டாக்டர் ஒவ்வொரு நோயாளி போனபிறகும் என்னிடம் “தேங்க்ஸ்மா” என்கிறார். அண்ணி, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நான் செய்ததற்கு ஒரு நன்றி. எழுத்தில், உங்கள் சொந்த வார்த்தையில். அது வந்தால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
முழங்கை

நவம்பர் 15

நாத்தனாருக்கு,

நன்றியா? உனக்கா? என்ன பேச்சு இது? நன்றி சொல்வது வெளியாளுக்கு. வழி சொன்னவருக்கு, பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவருக்கு. வீட்டு மனுஷிக்கு நன்றி சொன்னால் அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தின மாதிரி ஆகாதா? தினமும் காலையில் உன் அண்ணனுக்குக் காபி கொடுக்கிறேன். ஒரு நாளாவது நன்றி சொல்லியிருக்கிறாரா? டம்ளரைக் காலியாகக் கொண்டுவந்து வைக்கிறார், அவ்வளவுதான். ஒரு நாள் அவர் நன்றி சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன்.

இதற்கிடையில் இங்கே நிலைமை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. குழந்தை மனநல ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து என் கதையைப் படித்தார். “கொட்டாவி நன்றி சொல்றது மனசுல இருந்து வரணும், உதட்டுல இருந்து வரக் கூடாது” என்றார். நீர்யானைக்கு உதடு எது மனசு எது, எல்லாம் ஒரே நுரைப்பஞ்சுதானே. தலையை ஆட்டி வைத்தேன்.

சிரிப்பு இருக்கட்டும். தயாரிப்பாளர் அம்மா நேற்று என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அன்னாசிப்பழம். கண்ணும் வாயும் வைத்த அன்னாசிப்பழப் பொம்மை. “பாருங்க, இதுக்குக் கையே கிடையாது. ஒரே ஆள் போதும். சண்டையும் வராது” என்றார். சிறப்பு நிகழ்ச்சியில் கொட்டாவி ஒழுங்காகக் குழந்தைகளைக் கட்டிப்பிடித்தால் அவன் இருப்பான், இல்லையென்றால் புது வருஷத்திலிருந்து அவன் நேரம் அன்னாசிக்கு. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு குரலும் கிடையாது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் அண்ணி

நவம்பர் 21

அண்ணிக்கு,

‘நன்றி வெளியாளுக்கு மட்டும்.’ இதை அப்படியே கொட்டாவி வாயால் அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்களேன். “அம்மா சட்டை மாட்டி விட்டா கண்டுக்காதீங்க பசங்களா, பஸ் கண்டக்டருக்கு மட்டும் சொல்லுங்க.” ஆலோசகர் மயங்கி விழுந்துவிடுவார்.

சிறப்பு நிகழ்ச்சிக்கு முன்னோட்டம் போட்டார்கள். மருத்துவமனை டிவியில் பார்த்தேன். கொட்டாவி ஒரு பரிசுப் பெட்டியைத் திறக்கிறான். வலது கை பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, தன் தலையையும் ஒரு தடவை தடவியது. வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாகச் சிரித்துவிட்டேன். அது என் அண்ணன் கை! மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாரே, அதே தடவல். பாவம், கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷனைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இதில் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அண்ணனிடம் சொல்லுங்கள். குழந்தை கிட்டே வரும்போது வலது கை முதலில் போகக் கூடாது. அது பயந்துவிடும். முதலில் வாய் கொஞ்சம் தாழ வேண்டும், குழந்தை அதைத் தொட வேண்டும், தொட்டபிறகுதான் வலது கை முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். போய் இரண்டு தட்டு. நீங்கள் குதிகாலால் என் காலை மிதித்ததும் இறுக்கம், எடுத்ததும் தளர்வு. அண்ணன் காலை எவ்வளவு மிதித்தாலும் “என்னம்மா வேணும்?” என்று வாய்விட்டுக் கேட்பார். ஜாக்கிரதை.

அன்னாசி விஷயம் படித்துத் தூக்கம் வரவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான். நன்றி வரட்டும்.

நாத்தனார்

நவம்பர் 28

குட்டிம்மா,

நீ சொன்ன மாதிரியே கேட்டார். ஒத்திகையில், சுவருக்குப் பின்னாலிருந்து, மைக்கில் விழும்படி: “என்னம்மா வேணும்?”

அது பெரிதில்லை. அவருடைய வியாதி உனக்குத் தெரியும்தானே? எதிரே யார் கொட்டாவி விட்டாலும் அவருக்கும் வந்துவிடும். நம் கதாநாயகன் பெயரே கொட்டாவி. நான் பொம்மையின் வாயைப் பிளப்பேன், பக்கத்தில் இவர் நிஜமாகவே “ஆ...வ்” என்று நீட்டி விடுவார். அதைக் கேட்டு கேமராக்காரர் விட்டார். அவரைப் பார்த்து விளக்குக்காரர். தயாரிப்பாளர் அம்மா தானும் ஒன்று விட்டுவிட்டு, கோபத்தோடு எழுந்து அன்னாசிப்பழத்தை எடுத்துக்கொண்டு போனார்.

உன் அண்ணன் வீட்டுக்கு வந்து, “எனக்கு இது வேணாம். அவளைக் கூப்பிடு. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்” என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இதுதான் முதல் தடவை. அதிலும் பாதியில் கொட்டாவி வந்துவிட்டது.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நம்பு. வரவில்லை. கடைசியில் எழுத வேண்டியவர் எழுதினால் வரும் என்று தோன்றியது. இன்னொரு தாளில் இருக்கிறது, படி.

உன் அண்ணி

(உடன் வைத்த தாள்)

என் செல்ல வலது கைக்கு, உன் கொட்டாவி எழுதுவது. நீ இல்லாமல் நான் எப்படி மூக்கைச் சொறிவேன்? நீ எனக்குப் பிஸ்கட் ஊட்டினாய், கண்ணீர் துடைத்தாய், டாட்டா காட்டினாய். உனக்கு இந்தக் குண்டு நீர்யானையின் வாய் நிறைய நன்றி! சீக்கிரம் ஓடி வா! ஆ...வ்!

டிசம்பர் 3

அண்ணி,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதலில் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. அப்புறம்தான் கோபம் வந்தது. போனில் செய்கிற அதே தந்திரத்தைக் காகிதத்திலும் செய்துவிட்டீர்கள்.

எனக்கும் நீர்யானைக்கும் எந்தச் சண்டையும் இல்லை. அவன் என்னை ஒருநாளும் அவமானப்படுத்தியதில்லை. நான் மனக்கசப்பில் வீட்டைவிட்டு வந்தது உங்களால். உங்களுக்கென்று ஒரு வாய் இருக்கிறதா இல்லையா?

இனி கொட்டாவியை எனக்கு எழுத வைக்காதீர்கள். நீங்கள் எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டிசம்பர் 10

குட்டிக்கு,

இதை எழுதுவது நான். பக்கத்தில் பொம்மைகூட இல்லை, ஸ்டூடியோவிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

என் அப்பா போய்ச் சேர்ந்த வருஷம். காரியமெல்லாம் முடிந்து ஸ்டூடியோவுக்குத் திரும்பிய முதல் நாள். அன்றைய கதையில் கொட்டாவி ஜன்னலில் உட்கார்ந்து வேலைக்குப் போன தன் அப்பாவுக்காகக் காத்திருப்பான். “எங்க அப்பா எப்ப வருவாங்க?” என்று ஒரு வசனம். அதைக் கேட்கத்தான் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாயைத் திறந்தேன், வசனம் வரவில்லை. பொம்மையின் வாய் திறந்தபடியே நின்றது.

அப்போது கொட்டாவியின் வலது கை மேலே வந்தது. யாரும் சொல்லவில்லை, ஒத்திகையில் இல்லை. அது அவன் கன்னத்தை மெதுவாகத் தடவியது. பார்த்தவர்களுக்கு நீர்யானை தன் கன்னத்தைத் தானே தடவிக்கொள்கிற மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்தக் கன்னத்துக்குள்ளே என் கை இருந்தது. நுரைப்பஞ்சு வழியாக எனக்குத் தெரிந்தது. அப்புறம் நீ ஒரு கைக்குட்டையை எடுத்து அவன் கண்ணை மூடி, திறந்து, மூடிக் கண்ணாமூச்சி காட்டினாய். குழந்தைகள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் மூச்சு விட்டு, அழுது, துடைத்து, குரலைத் தேடி எடுத்துக்கொண்டேன். ஒருவருக்கும் தெரியாது. உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். “ஜன்னலைச் சாத்து, தூசி வருது” என்றுதான் சொல்ல வந்தது.

நீ கேட்ட அந்த வார்த்தையை இப்போதும் எழுதப் பார்த்தேன். எழுதினால் பரிசுப் பெட்டி மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான். நிகழ்ச்சி இருபத்திரண்டாம் தேதி. வருவதும் வராததும் உன் விருப்பம்.

ஆனால் முதலில் அடித்தது வலது கைதான். மூக்கைச் சொறிவதும் ஒருவகை அடிதான்.

அண்ணி

டிசம்பர் 15

அண்ணிக்கு,

நீங்கள் அந்த வார்த்தையை எழுதவில்லை. ஆகவே நான் வரவில்லை.

கை மட்டும் வரும். இருபத்திரண்டாம் தேதி நேராக ஸ்டூடியோவுக்கு வரும், ஸ்டூலில் உட்காரும், வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறும். பேசாது. சாப்பிடக் கூப்பிடாதீர்கள். அண்ணனை என் பையைத் தூக்கச் சொல்லுங்கள், என் கை அன்று வேறு எதையும் தூக்காது.

உங்கள் பழைய சோப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாத்தனார்

டிசம்பர் 23

குட்டி,

நீ போய்ச் சேர்ந்திருப்பாய். நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தேன், இப்போதுதான் எழுந்து எழுதுகிறேன். எல்லாம் போச்சு. உன் அண்ணன் “அவ்வளவு மோசமில்ல” என்கிறார். அவருடைய முகம் வேறு சொல்கிறது.

எப்படி நடந்தது என்று உனக்காவது சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடியே வந்து, சொன்னபடியே பேசாமல், என் அக்குளுக்குக் கீழே தலையைக் கொடுத்து உட்கார்ந்தாய். அப்புறம் நமக்கு என்ன குறை? குழந்தைகள் வரிசையில் வந்தன. வாய் தாழ்ந்தது, குழந்தை தொட்டது, உன் கை முதுகுக்குப் போனது, நான் மிதித்தேன், நீ இறுக்கினாய். ஒரு குழந்தைகூட அழவில்லை. ஒன்று விடவே மாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியது. கடைசிக் குழந்தையும் போய் உட்கார்ந்தாயிற்று. ஒளிபரப்பாவதை நமக்குக் காட்டத் தரையில் வைத்திருக்கும் சின்னத் திரையில் நட்சத்திரப் படம் வந்தது. நிகழ்ச்சி முடிந்தது, மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அது நடுவில் ஒரு நொடி காட்டுகிற படமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

உன் பக்கம் திரும்பினேன். உன் தலைமுடிதான் தெரிந்தது. அப்போது அது தானாக வந்துவிட்டது. என் சொந்தக் குரலில். “வந்துட்டியேடி. ரொம்ப தேங்க்ஸ்டி. நீ இல்லாம என்னால முடியல.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை, சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பொம்பளை பேசினாள் என்று விட்டிருப்பார்கள். ஆனால் நான் பேசினால் என் வலது கை சும்மா இருக்காதே! இத்தனை வருஷப் பழக்கம். ஒவ்வொரு வார்த்தைக்கும் கொட்டாவியின் வாய் திறந்து மூடியிருக்கிறது. தன் வலது கையைப் பார்த்து, பொம்பளைக் குரலில், “தேங்க்ஸ்டி” என்கிறது நீர்யானை. நேரலையில்.

முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்று, “ஐயோ, கொட்டாவிக்குத் தொண்டை கட்டிடுச்சு!” என்று கத்தினாள். உடனே உன் கை போய் அவன் தொண்டையைத் தடவிவிட்டது. அதற்குள் இன்னொரு குழந்தை தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவன் வாயில் கவிழ்த்தது. அவ்வளவு தண்ணீரும் என் அக்குள் வரை இறங்கியது. மீதியை உன்னிடம் நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் நனைந்தாய்.

தயாரிப்பாளர் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். கையில் அன்னாசிப்பழம் இருந்தது.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. ஊர் உலகத்துக்கே கேட்கும்படி கிடைத்துவிட்டது. போதுமா?

அண்ணி

ஜனவரி 2

குட்டிம்மா,

முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடு.

நேற்று தயாரிப்பாளர் அம்மா போன் செய்தார். கொட்டாவிக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டு ஸ்டூடியோவில் படங்கள் வந்து குவிகின்றனவாம். மஃப்ளர் சுற்றிய கொட்டாவி, மருந்து குடிக்கிற கொட்டாவி, கட்டிலில் படுத்திருக்கிற கொட்டாவி. அன்று ஸ்டூடியோவுக்கு வந்திருந்த ஒரு குழந்தையின் படத்தில் பக்கத்தில் அன்னாசிக்கும் மஃப்ளர் போட்டிருக்கிறதாம், பாவம், அதற்குக் கழுத்தே கிடையாது. பெற்றோர்கள் வேறு ஓயாமல் கூப்பிடுகிறார்களாம், குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறது, முதலில் கொட்டாவிக்குச் சரியாகட்டும் என்கிறது என்று.

“தொண்டை சரியாயிடுச்சுன்னு காட்டலேன்னா பெத்தவங்க என்னை நிம்மதியா இருக்க விட மாட்டாங்க. கொட்டாவி வரணும். ரெண்டு கையோட வரணும்” என்றார் அந்த அம்மா. அன்னாசியைப் பற்றி நான் விசாரித்தேன். பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொரு விஷயம். உன் அண்ணன் இன்று காலை டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அங்கேயே நின்று நெளிந்து, “காபிக்கு... தேங்க்ஸ்” என்றார். சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடிப்போனார். டாக்டரிடமெல்லாம் கூட்டிக்கொண்டு போகவில்லை. கொஞ்ச நேரம் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பேனாவிலும் வருகிறதா என்று பார்க்கிறேன்.

நன்றி, குட்டி.

வந்துவிட்டது. வெளியாள் மாதிரி இல்லை. நீ வா.

அண்ணி

ஜனவரி 7

அண்ணி,

நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து எழுதிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாதது என் பக்கம் இருக்கிறது. நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னபோது என் வலது கை கொட்டாவிக்குள் இருந்தது, இடது கை உங்கள் இடுப்பைச் சுற்றி இருந்தது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. எல்லாவற்றையும் உங்கள் சட்டையில்தான் துடைத்தேன், கண்ணையும் மூக்கையும். நீங்கள் குழந்தையின் பாட்டில் தண்ணீர் என்று நினைத்ததில் பாதி என்னுடையது.

இத்தனை நாள் நன்றி நன்றி என்று உங்கள் கண்ணில் விரலை விட்டு ஆட்டினேனே, நான் ஒருநாளாவது உங்களுக்குச் சொன்னேனா? பழைய வேலை போனபிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அண்ணன் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நீங்கள் கெஞ்சவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “உன் கை சும்மாத்தானே கிடக்கு, எனக்கு ஒண்ணு குறையுது, வா” என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். அதற்கப்புறம் என் கை சும்மா கிடந்ததே இல்லை. அண்ணி, அதற்கு நன்றி. உங்களைப் போலவே எனக்கும் இதை எழுதுவதற்குள் இரண்டு தாள் வீணாகிவிட்டது.

பல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வழக்கம்போல “தேங்க்ஸ்மா” என்றார். அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மனதை அரிக்கிறது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில், நான் பேசாமல் ஏறப்போனபோது நீங்கள் நனைந்த சட்டையோடு ஓடி வந்தீர்கள். நான் திரும்பினேன். நீங்கள் இடது கையை மட்டும் நீட்டினீர்கள், நான் வலது கையை மட்டும் நீட்டினேன். எத்தனை குழந்தைகளைக் கட்டிப்பிடித்திருக்கிறோம், ஆனால் நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு கை. நடுவில் யாராவது இருந்தால்தான் நமக்கு வருகிறது. நடுவில் அண்ணன் என் பையோடு நின்றுகொண்டிருந்தார், ஆகவே அவரைக் கட்டிப்பிடித்தோம். நான் இரண்டு தட்டுத் தட்டினேன், நீங்கள் பழக்கத்தில் அவர் காலை மிதித்தீர்கள். “என்னம்மா வேணும்?” என்று கேட்டார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், நான் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் வந்து நில்லுங்கள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

குட்டி